எதை எடுத்துத் தைத்தார்கள்?

பைபாஸ் முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்கப் போகும் உறவினர்கள் தவறாமல் மூன்று கேள்விகள் கேட்பார்கள். எத்தனை அடைப்பு, எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு செலவு. “மூணு அடைப்பு, நாலு கிராஃப்ட்” என்று அவரும் கணக்குச் சொல்லிவிடுவார். அந்த நாலு கிராஃப்டுக்கான ரத்தக்குழாயை உடம்பில் எங்கிருந்து எடுத்தார்கள் என்று விசாரிக்கிறவர்கள் அபூர்வம். அறுவை முடிந்து 10 ஆண்டு கழித்து அவர் எப்படி இருப்பார் என்பதில் இந்தக் கேள்விக்கான பதிலுக்குக் கணிசமான பங்கு உண்டு. இதய அறுவையாளர்கள் தங்களுக்குள் நாற்பது ஆண்டுகளாக நடத்திவரும் வாதங்களில் பல இதைச் சுற்றியவைதாம்.

முதலில் அடிப்படை. இதயத்தின் அறைகளுக்குள் எந்நேரமும் ரத்தம் இருந்தாலும், அதன் தடித்த தசைக்கு அந்த ரத்தம் பயன்படுவதில்லை. வெளிப்புறத்தில் படர்ந்திருக்கும் கரோனரி தமனிகள் வழியாகத்தான் தசைக்கு ஆக்சிஜன் போகிறது. அவற்றில் கொழுப்பு படிந்து குறுகினால் நெஞ்சுவலி, முற்றாக அடைபட்டால் மாரடைப்பு. பைபாஸ் அறுவையில் இந்த அடைப்பை யாரும் சுரண்டி எடுப்பதில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கும். அடைப்புக்கு அப்பால், ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர் விட்டமே உள்ள கரோனரி தமனியில் சிறு கீறல் போட்டு, வேறு இடத்திலிருந்து கொண்டுவந்த ஒரு குழாயின் முனையை அங்கே தைக்கிறார்கள். தைக்கும் நூல் தலைமுடியளவுதான் இருக்கும். ரத்தம் அந்தப் புது வழியாக அடைப்பைச் சுற்றிக்கொண்டு போகும்.

இந்த யோசனை நிலைபெற்ற கதை விசித்திரமானது. 1950-ல் மாண்ட்ரியலில் ஆர்தர் வைன்பெர்க் என்ற அறுவையாளர், மார்பெலும்புக்கு உட்புறம் ஓடும் தமனியை அறுத்து அதன் முனையை நேரே இதயத் தசைக்குள் புதைத்து வைத்தார். எந்தக் குழாயோடும் இணைக்கவில்லை. ரத்தம் தானே வழி தேடிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. அப்போது அடைப்பு எங்கே இருக்கிறது என்று உயிரோடிருப்பவரிடம் படம்பிடித்துப் பார்க்க வழியே கிடையாது. கரோனரி தமனிக்குள் நேராகச் சாயம் செலுத்தினால் இதயம் நின்றுவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். 1958-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் மேசன் சோன்ஸ் மகாதமனியில் சாயம் செலுத்த முயன்றபோது, குழாயின் முனை தற்செயலாக வலது கரோனரி தமனிக்குள் நுழைந்துவிட்டது. நோயாளி பிழைத்தார், படமும் விழுந்தது. கரோனரி ஆஞ்சியோகிராம் பிறந்தது இப்படித்தான்.

1964-ல் லெனின்கிராடில் வசிலி கோலெசோவ் அந்த உள்மார்புத் தமனியைக் கரோனரி தமனியோடு நூலால் தைத்து இணைத்தார். இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே, இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணை இல்லாமல் செய்தார். அவருடைய நாட்டு மருத்துவர்களே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உலகம் கவனித்தது 1967-ல் ரெனே ஃபவலோரோ செய்ததை. அர்ஜென்டினாவின் லா பாம்பா மாகாணத்துக் கிராமம் ஒன்றில் 12 ஆண்டுகள் வைத்தியம் பார்த்துவிட்டு, நாற்பதை நெருங்கும் வயதில் கிளீவ்லாந்துக்குப் பயிற்சிக்குப் போனவர் அவர். சோன்ஸின் படங்களை மணிக்கணக்கில் பார்த்துப் பழகியவர். அவர் பயன்படுத்தியது காலிலிருந்து எடுத்த சிரை. நம் ஊரில் முதல் பைபாஸ் 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் நடந்தது. செய்தவர் 2025 ஜனவரியில் மறைந்த டாக்டர் கே.எம். செரியன்.

கால் சிரை வசதியானது. நீளமாகக் கிடைக்கும், மூன்று நான்கு துண்டு போடலாம், எடுத்தாலும் காலின் ஆழத்தில் உள்ள சிரைகள் வேலையைப் பார்த்துக்கொள்ளும். “கால்ல இருந்து நரம்பு எடுத்து நெஞ்சுல வெச்சாங்க” என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். எழுபதுகளில் உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்களுக்கு இப்படித்தான் செய்தார்கள். உள்மார்புத் தமனியை எடுப்பது மெனக்கெட்ட வேலை என்பதால் ஒரு சிலர் மட்டுமே அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

1986-ல் அதே கிளீவ்லாந்திலிருந்து ஃபிளாய்ட் லூப்பும் சகாக்களும் பத்தாண்டுக் கணக்கை வெளியிட்டார்கள். இதயத்தின் முன்புறம் இறங்கும் முக்கியமான தமனிக்கு உள்மார்புத் தமனியைத் தைத்தவர்களையும், எல்லா இடத்துக்கும் சிரையையே தைத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். மூன்று குழாய்களிலும் அடைப்பு இருந்தவர்களில், முதல் வகையினரில் 82.6 சதவீதமும் இரண்டாம் வகையினரில் 71 சதவீதமும் 10 ஆண்டு கழித்து உயிரோடிருந்தார்கள். அறுவையாளர் அதே தரம், மருத்துவமனை அதே. ஒரே ஒரு குழாய் மாறியதில் இவ்வளவு வித்தியாசம். அன்றிலிருந்து இடது உள்மார்புத் தமனியை முன்புறத் தமனிக்குத் தைப்பது எழுதாத சட்டமாகிவிட்டது. டாக்டர்கள் சுருக்கமாக ‘லிமா’ என்பார்கள். 

ஏன் இப்படி? சிரை, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தை மிகக் குறைந்த அழுத்தத்தில் சுமக்கப் பழகியது. அதைத் தமனியின் இடத்தில் தைப்பது, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் துணிக்குழாயை இரவோடிரவாக மோட்டார் பம்பில் மாட்டி வருடக்கணக்கில் ஓடவிடுவது போன்றது. அழுத்தத்தைத் தாங்க அதன் சுவர் தடிக்கிறது, உள்வழி குறுகுகிறது, பிறகு அந்தத் தடித்த சுவரில் கொழுப்பும் படிகிறது. உள்மார்புத் தமனி பிறந்ததிலிருந்தே அந்த அழுத்தத்தில் வாழ்ந்தது. அதன் சுவரில் இடைவெளியில்லாத மீள்திறன் படலம் உண்டு. உட்பூச்சுச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடைத் தாராளமாகச் சுரந்து குழாயை விரிவாக வைத்திருக்கின்றன. உடம்பின் மற்ற தமனிகளில் கொழுப்பு படிந்தவர்களிடம்கூட இந்தத் தமனி பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். அதோடு அதன் மேல்முனையைப் பெரும்பாலும் வெட்டுவதில்லை. இயற்கையான ஊற்றோடு இணைந்தபடியே கீழ்முனை மட்டும் இடம் மாறுகிறது.

ஒன்று இவ்வளவு நல்லதென்றால் இரண்டு இன்னும் நல்லதாக இருக்க வேண்டுமல்லவா? மார்பெலும்பின் இருபுறமும் ஒவ்வொன்று இருக்கிறதே. பல ஆண்டுகளாகப் பல மருத்துவமனைகளின் பதிவேடுகள் ஆமாம் என்றே சொல்லிவந்தன. ஆனால் பதிவேட்டில் ஒரு வில்லங்கம் உண்டு. இரண்டு தமனிகளையும் எடுக்கத் துணியும் அறுவையாளர் அதற்குப் பெரும்பாலும் வயதில் குறைந்த, சர்க்கரை இல்லாத, திடமான நோயாளியைத்தான் தேர்ந்தெடுப்பார். அவர் நெடுநாள் வாழ்ந்தால் அதற்குத் தமனி காரணமா, முதலிலேயே இருந்த ஆரோக்கியம் காரணமா?

இதைத் தீர்க்க ஆக்ஸ்ஃபோர்டின் டேவிட் டாகார்ட் தலைமையில் 7 நாடுகளின் 28 மருத்துவமனைகளில் ஆய்வு நடந்தது. 3,102 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போலத் தற்செயலாக இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒரு உள்மார்புத் தமனி, மற்றதற்கு இரண்டு. 10 ஆண்டு பின்தொடர்ந்து 2019-ல் முடிவை வெளியிட்டபோது, ஒற்றைத் தமனிக் குழுவில் 21.2 சதவீதத்தினரும் இரட்டைத் தமனிக் குழுவில் 20.3 சதவீதத்தினரும் இறந்திருந்தார்கள். வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும். அதோடு மார்பெலும்புக்கு ரத்தம் தருபவையே இந்தத் தமனிகள்தாம் என்பதால், இரண்டையும் எடுத்தவர்களில் 3.5 சதவீதத்தினருக்கு அந்தக் காயம் ஆறுவதில் சிக்கல் வந்தது. ஒன்று எடுத்தவர்களில் 1.9 சதவீதம்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஆய்வின் உள்ளே போய்ப் பார்த்தால், இரட்டைத் தமனிக்கு ஒதுக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 14 சதவீதத்தினருக்கு ஒன்றுதான் போடப்பட்டிருந்தது. மார்பைத் திறந்த பிறகு அறுவையாளர் மனதை மாற்றிக்கொண்டிருக்கிறார். ஒற்றைத் தமனிக்கு ஒதுக்கப்பட்டவர்களிலோ ஐந்தில் ஒருவருக்கு மேல், கையிலிருந்து எடுத்த இன்னொரு தமனியையும் தைத்திருந்தார்கள். ஆக, ஒப்பிடப்பட்டது ஒன்றும் இரண்டும் அல்ல. ஒன்றேகாலும் இரண்டுக்குச் சற்றுக் குறைவும். யாருக்கு உண்மையில் எது தைக்கப்பட்டது என்று பிரித்துப் பார்த்தால் கூடுதல் தமனி பெற்றவர்கள் மேலாக இருந்தார்கள். அப்படிப் பிரித்தால் குலுக்கலின் பலன் போய், பழைய பதிவேட்டு வில்லங்கம் திரும்ப வந்துவிடுகிறது. அதனால்தான் கூடுதலாக எந்தத் தமனியையும் அனுமதித்து, ஒரு தமனியா பலவா என்று மட்டும் கேட்கும் ‘ரோமா’ என்ற பன்னாட்டு ஆய்வை நியூயார்க்கைச் சேர்ந்த மரியோ கௌடினோவும் சகாக்களும் 2018-ல் தொடங்கினார்கள்.

கையிலிருந்து எடுக்கும் தமனி என்றேனே, அது நாடி பிடித்துப் பார்க்கும் மணிக்கட்டுத் தமனி. ரேடியல் தமனி என்பது மருத்துவப் பெயர். பாரிஸில் அலென் கார்ப்பென்டியே எழுபதுகளின் தொடக்கத்திலேயே அதைப் பைபாஸுக்குப் பயன்படுத்தினார். அது சுருண்டு இறுகி அடைபட்டுக்கொண்டேயிருந்ததால் விரைவில் கைவிட்டார். பல ஆண்டு கழித்து, அடைபட்டதாகக் கருதப்பட்ட அப்படிப்பட்ட ஒரு கிராஃப்ட் ஆஞ்சியோகிராமில் திறந்தே இருப்பது தெரியவந்தது. தமனியை மென்மையாகக் கையாண்டு, இறுக்கம் தளர்த்தும் மருந்தும் கொடுத்தால் பிழைக்கும் என்று புரிந்து தொண்ணூறுகளில் மீண்டும் கையிலெடுத்தார்கள். ஒரு பழைய தோல்வியை மறுபரிசீலனை செய்ய இந்தத் துறையினர் காட்டிய பொறுமையை மெச்ச வேண்டும்.

பலன் பெரிது. கௌடினோ குழு 6 குலுக்கல் முறை ஆய்வுகளின் 1,036 நோயாளிகளை ஒன்றுசேர்த்து 2018-ல் வெளியிட்ட கணக்கில், ஆஞ்சியோகிராம் செய்து பார்த்தவர்களிடம் மணிக்கட்டுத் தமனி கிராஃப்டுகளில் 8.1 சதவீதமும் கால் சிரை கிராஃப்டுகளில் 19.9 சதவீதமும் அடைபட்டிருந்தன. மாரடைப்பு, மறு சிகிச்சை, மரணம் மூன்றையும் சேர்த்தால் தமனி பெற்றவர்களிடம் மூன்றில் ஒரு பங்கு குறைவு. 2021-ல் அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டல், இரண்டாவது முக்கியமான குழாய்க்குக் கால் சிரையைவிட மணிக்கட்டுத் தமனியையே பரிந்துரைத்தது. ஒரு நிபந்தனை உண்டு: அந்தக் குழாயிலுள்ள அடைப்பு கடுமையானதாக இருக்க வேண்டும். பாதி அடைப்புள்ள குழாயில் தைத்தால் பழைய வழியிலும் ரத்தம் தாராளமாக வரும். போட்டியில் புதுத்தமனி நூல்போலச் சுருங்கிவிடும்.

இங்கே நம் வாசகர்களுக்கு உபயோகமான ஒரு சங்கதி. இப்போது ஆஞ்சியோகிராமைத் தொடை வழியாகச் செய்வது குறைந்து, மணிக்கட்டு வழியாகச் செய்வது பெருகியிருக்கிறது. நோயாளிக்கு அது சௌகரியம், ரத்தக்கசிவும் குறைவு. ஆனால் குழாய் நுழைந்த தமனியின் உட்பூச்சு காயப்படுகிறது. பிறகு அதைப் பைபாஸுக்கு எடுப்பதை அறுவையாளர்கள் தவிர்ப்பார்கள். வழக்கமாக வலது மணிக்கட்டு வழியாகத்தான் போவார்கள், அதனால் இடது தமனி மிஞ்சும். இரண்டு கையிலும் மாறிமாறிக் குழாய் விட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு போய்விடும்.

சிரையை முழுக்கக் கைகழுவ முடியாது. நான்கு இடத்தில் தைக்க வேண்டியவருக்குத் தமனி மட்டும் போதாது. அப்படியானால் சிரையை எடுக்கும் விதத்தையாவது மாற்றலாம் என்று யோசித்தார் ஸ்வீடனின் ஓரேப்ரூ நகரில் பணியாற்றிய டொமிங்கோஸ் சோசா. வழக்கமாகச் சிரையைச் சுற்றியுள்ள கொழுப்பை வழித்தெடுத்து, உப்புநீரைப் பாய்ச்சி உப்பவைத்து, கசிவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவர் கொழுப்போடு சேர்த்தே, உப்பவைக்காமல் எடுத்தார். 16 ஆண்டு கழித்து அவருடைய கிராஃப்டுகளில் 83 சதவீதம் திறந்திருந்தன. வழக்கமானவற்றில் 64 சதவீதம். சீனாவில் 7 மருத்துவமனைகளில் 2,655 பேரிடம் நடந்த ஆய்வும் 2021-ல் இதற்கு ஆதரவாக வந்தது: ஓராண்டில் அடைபட்டவை 3.7 சதவீதம், வழக்கமான முறையில் 6.5 சதவீதம்.

பிறகு 2024-ல் ஸ்வீடனிலிருந்தே எதிர்ப்பாட்டு வந்தது. ஏறத்தாழ 900 பேரிடம் நடந்த ‘ஸ்வீட்கிராஃப்ட்’ ஆய்வில் இரண்டு ஆண்டுக்குள் கிராஃப்ட் பழுதானவர்கள் 19.8 சதவீதம், வழக்கமான முறையில் 24 சதவீதம். இந்த இடைவெளி தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவே என்றது புள்ளியியல். காலில் ஏற்பட்ட காயச் சிக்கலில் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லை: மூன்று மாதத்தில் 24.7 சதவீதத்தினருக்கு, வழக்கமான முறையில் 13.8 சதவீதத்தினருக்கு. கொழுப்போடு எடுத்தால் கால் நீளத்துக்குக் கிழிக்க வேண்டியிருக்கிறது. சர்க்கரை நோயாளிகளின் கால் புண் எப்படி ஆறும் என்று அறிந்த நம் ஊரில், இந்த முறையை அவசரப்பட்டு ஏற்காதிருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். இதற்கு நேர்மாறாக, சிறு துளை வழியாக உள்நோக்கிக் கருவியை விட்டுச் சிரையை எடுக்கும் முறையை அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினர் 1,150 பேரிடம் சோதித்தார்கள். இதய விளைவுகள் இரு முறையிலும் ஒன்றே. காலில் தொற்று 3.1-லிருந்து 1.4 சதவீதமாகக் குறைந்தது.

இனி, இயந்திரமா வேண்டாமா என்ற பழைய வழக்கு. 1953 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தை முதன்முதலில் வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். இதயத்தை நிறுத்தி வைத்துவிட்டு அசையாத பரப்பில் தைக்கலாம். 2001-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வொன்று, இயந்திரத்தில் பைபாஸ் செய்துகொண்ட 261 பேரில் 42 சதவீதத்தினருக்கு 5 ஆண்டு கழித்து நினைவாற்றலும் சிந்தனையும் மங்கியிருந்ததாகச் சொன்னது. பத்திரிகைகள் பற்றிக்கொண்டன. கோலெசோவின் வழியில், துடிக்கும் இதயத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் உறிஞ்சுகருவியால் அசையாமல் பிடித்துத் தைக்கும் முறைக்கு மவுசு கூடியது. இந்தியாவில் பல அறுவையாளர்கள் அதில் கைதேர்ந்தவர்கள்.

டியூக் ஆய்வில் ஒப்பீட்டுக்கு இன்னொரு குழு இல்லை என்பதை அப்போது பலர் கவனிக்கவில்லை. நெதர்லாந்தில் குலுக்கல் முறையில் பிரித்து 5 ஆண்டு பின்தொடர்ந்தபோது, இயந்திரம் பயன்படுத்திய குழுவிலும் பயன்படுத்தாத குழுவிலும் ஏறத்தாழ பாதிப்பேருக்கு மங்கல் இருந்தது. அதாவது பழி இயந்திரத்தின் மீது அல்ல, வயதின் மீதும் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களின் மீதும் விழ வேண்டியது. அமெரிக்காவில் 2,203 பேரிடம் நடந்த ‘ரூபி’ ஆய்வில், இயந்திரம் இல்லாமல் செய்தவர்களில் 5 ஆண்டுக்குள் இறந்தவர்கள் 15.2 சதவீதம், இயந்திரத்தோடு செய்தவர்களில் 11.9 சதவீதம். அங்கே பயிற்சி மருத்துவர்களும் தைத்தார்கள், அனுபவம் போதவில்லை என்று எதிர்த்தரப்பு சொன்னது. நியாயமான ஆட்சேபம்தான். அதற்குப் பதிலாக, 100 அறுவைகளுக்கு மேல் அனுபவமுள்ளவர்களை மட்டும் கொண்டு 19 நாடுகளில் 4,752 பேரிடம் நடந்த ‘கரோனரி’ ஆய்வில், மரணம், மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றைச் சேர்த்த 5 ஆண்டுக் கணக்கு 23.1-க்கு 23.6 சதவீதம் என்று சமமாக முடிந்தது. கை பழகியவர் எப்படிச் செய்தாலும் ஒன்றுதான். பழகாதவர் துடிக்கும் இதயத்தில் தைக்கக் கூடாது. மகாதமனியில் சுண்ணாம்பு படிந்து, அதைக் கவ்வினால் துகள் பெயர்ந்து மூளைக்குப் போகும் அபாயம் உள்ளவர்களுக்கு இயந்திரமில்லா முறை இன்றும் கைகொடுக்கிறது.

ஸ்டென்ட் இருக்க நெஞ்சை ஏன் பிளக்க வேண்டும் என்பதும் நியாயமான கேள்வி. பல குழாய்களில் அடைப்புள்ள சர்க்கரை நோயாளிகளைப் பொறுத்தவரை விடை தெளிவு. 1,900 பேரிடம் நடந்து 2012-ல் வந்த ‘ஃப்ரீடம்’ ஆய்வில் 5 ஆண்டுக்குள் இறந்தவர்கள் ஸ்டென்ட் குழுவில் 16.3 சதவீதம், பைபாஸ் குழுவில் 10.9 சதவீதம். விலையும் உண்டு: பக்கவாதம் பைபாஸ் குழுவில் 5.2, ஸ்டென்ட் குழுவில் 2.4. ஆனால் ஸ்டென்டும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. குழாயினுள் அழுத்தத்தை அளந்து தேவையான இடத்தில் மட்டும் புதுவகை ஸ்டென்ட் வைத்த ‘ஃபேம் 3’ ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2025-ல் வந்தது. மரணம், பக்கவாதம், மாரடைப்பு மூன்றும் சேர்ந்து ஸ்டென்ட் குழுவில் 16, பைபாஸ் குழுவில் 14 சதவீதம். குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மாரடைப்பை மட்டும் தனியே பார்த்தால் பைபாஸ் இன்னமும் மேல்.

இவ்வளவு ஆய்வுகளிலும் பெண்கள் சிறுபான்மை. அமெரிக்காவில் 2011 முதல் 2020 வரை நடந்த சுமார் 13 லட்சம் பைபாஸ் அறுவைகளை ஆராய்ந்ததில் அறுவையை ஒட்டி இறந்த பெண்கள் 2.8 சதவீதம், ஆண்கள் 1.7 சதவீதம். பத்தாண்டில் அந்த இடைவெளி சுருங்கவில்லை. பெண்களுடைய கரோனரி தமனிகள் சிறியவை, அறுவைக்கு வரும்போது வயதும் கூடுதல் என்பவை பாதி விளக்கமே. ஆண் உடம்பில் பழகிய நுட்பத்தை அப்படியே பெண்ணுக்கும் பொருத்தியதில் மீதி விளக்கம் இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். ‘ரோமா’ ஆய்வின் ஒரு கிளை பெண்களுக்கென்றே தனியாக நடப்பது தாமதமான, ஆனால் வரவேற்க வேண்டிய காரியம்.

அறுவை அரங்கத்துக்கு வெளியே வந்தபின் நடப்பதைப் பற்றியும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆஸ்பிரினோடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான டிகாக்ரெலாரையும் சேர்த்துக் கொடுத்தால் கிராஃப்ட் காப்பாற்றப்படும் என்று எதிர்பார்த்து, வடக்கு ஐரோப்பாவில் 2,201 பேரிடம் நடத்திய ஆய்வு 2025-ல் வெளியானது. பயன் இல்லை, பெரிய ரத்தக்கசிவு மட்டும் 2 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமானது. எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஸ்வீடனின் தேசியப் பதிவேட்டில் 28,812 பைபாஸ் நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு. அறுவை முடிந்து ஆறு மாதத்தில் 93.9 சதவீதத்தினர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை வாங்கினார்கள். எட்டு ஆண்டு கழித்து அது 77.3 சதவீதமாகிவிட்டது. மாத்திரையைத் தொடர்ந்தவர்களிடம் மரண அபாயம் ஏறத்தாழ 44 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. இது குலுக்கல் ஆய்வு அல்ல, பதிவேடுதான். மாத்திரையை ஒழுங்காக எடுப்பவர் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருப்பார் என்ற வில்லங்கம் இதற்கும் பொருந்தும். அதைக் கழித்துப் பார்த்தாலும், எந்தக் குழாயை எங்கே தைப்பது என்ற சண்டைகளில் பேசப்படும் வித்தியாசங்களைவிட இது சிறியது என்று நான் நினைக்கவில்லை. மருந்து வாங்கவும் தொடரவும் ஸ்வீடனில் இருக்கும் வசதி உள்ள இடத்திலேயே நிலைமை இது.

எனவே பைபாஸ் தேதி குறித்திருப்பவர்கள் அறுவையாளரிடம் எத்தனை தமனி, எத்தனை சிரை, ஏன் என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல அறுவையாளர் அதற்குக் கோபப்பட மாட்டார். ஏற்கெனவே செய்துகொண்டவர்கள், நெஞ்சுவலி போய்விட்டது, கொலஸ்ட்ரால் நார்மலுக்கு வந்துவிட்டது, சித்தப்பா சொன்னார் என்ற காரணங்களுக்காக ஸ்டாட்டினை நீங்களாக நிறுத்தாதீர்கள். உடம்பு வலித்தாலோ வேறு தொந்தரவு தந்தாலோ டாக்டரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றிக்கொள்ளுங்கள்.